நாலு விரல் உயரத்தில் ஒரு சரணம்

விழுந்துகொண்டிருக்கும்போதே வடிவு சரணத்தை எடுத்துவிட்டாள். மேடைக்குப் பின்னால் இறங்குவதற்குச் சாத்தியிருந்த பலகையில் யாரோ பானகத்தைக் கொட்டியிருந்தார்கள், அவளைத் தூக்கிக்கொண்டு இறங்கிய கொம்பையாவின் கால் அதில் வழுக்கியது, அவன் கையிலிருந்து அவள் நழுவினாள், தரைக்கும் அவளுக்கும் நடுவே இருட்டு மட்டும் இருந்த அந்த நேரத்தில் லாசரின் கீபோர்டில் இடையிசை முடிந்து, பாட வேண்டிய இடம் வந்துவிட்டது. வந்த இடத்தைத் தவறவிட்டு அவளுக்குப் பழக்கமில்லை. கையில் மைக் இருந்தது. உடம்பு தரையில் மோதிய சத்தமும், "ஐயோ" என்று ஓர் ஆண்குரலும், இரண்டுக்கும் மேலே ஏறி அவளுடைய சரணமும் குழாய் ஒலிபெருக்கிகளின் வழியாக முள்ளிவிளை அம்மன் கோயில் பொட்டல் முழுக்கப் போயின. தலை ஒருபக்கமாகச் சாய்ந்து கிடக்க, பல்லில் மணல் கடிபட, கடைசி வரிவரைக்கும் அவள் பாடி முடித்தாள். வெளிச்சம் வந்தபோது மேடையில் அவளுடைய நாற்காலி காலியாக இருந்தது. சனம் விசிலடித்தது.

காலி நாற்காலிதான் அந்தக் குழுவின் பேர்போன வித்தை. சந்தோசம் மாஸ்டரின் மெல்லிசைக் குழுவை எந்த ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவுக்குக் கூப்பிட்டாலும் கடைசிப் பாட்டு ஓடப் பாட்டுதான். ஏதோ ஒரு பழைய படத்தில், ஆற்றங்கரையில் நிற்கிற பெண்ணொருத்தி ஓடக்காரனைக் கூவிக் கூவி அழைக்கிற பாட்டு. படத்தையும் அதில் நடித்தவர்களையும் சனம் மறந்துவிட்டிருந்தது, பாட்டை மறக்கவில்லை. வடிவு அதன் பல்லவியை உயரமான நாற்காலியில் உட்கார்ந்து பாடுவாள். இளம்பிள்ளை வாதத்தில் சூம்பிய கால்களை மறைத்துப் பட்டுச்சேலையின் கொசுவம் தரைவரைக்கும் விசிறிபோல் விரிந்து கிடக்கும், பார்ப்பவர்களுக்கு அவள் நிற்கிறாளா உட்கார்ந்திருக்கிறாளா என்று தெரியாது. பல்லவி முடிந்து நீளமான இடையிசை தொடங்கியதும் விளக்கெல்லாம் அணையும். அந்த இருட்டில் கொம்பையா வந்து அவளைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் இறங்குவான், இறங்கும்போதே அவள் சரணத்தைப் பாடுவாள், பாடி முடிப்பதற்குள் வேனுக்குள் இருப்பாள். வெளிச்சம் வரும்போது நாற்காலி காலியாக இருக்கும். ஓடம் வந்து அவளை ஏற்றிக்கொண்டு போய்விட்டது என்று அறிவிப்பாளர் சொல்ல, சனம் அதற்காகவே மறுவருசமும் அவர்களைக் கூப்பிடும்.

இந்த ஏற்பாடு சந்தோசம் மாஸ்டருடையது. "கண்ணு தெரியாதவன் வாசிச்சா சனம் உருகும்மா. காலு வெளங்காதவ காதல் பாட்டு பாடினா நெளியும். நான் செய்த சனம் இல்லை, ஆண்டவன் செய்த சனம்" என்பார். அதனால் கீபோர்டு லாசர் கறுப்புக் கண்ணாடியோடு மேடையின் முன்வரிசையில் இருந்தான், சுவரொட்டிகளில் அவன் படம் பெரிதாக இருந்தது. வடிவின் படம் கழுத்தோடு நின்றது. "எனக்குக் கண்ணு தெரியாததை ஊருபூரா போஸ்டர் ஒட்டிக் காட்டுதாரு, உன் காலை எனக்குக்கூடக் காட்ட மாட்டேங்காரு" என்று லாசர் சொல்வான், வேனில் எல்லோரும் சிரிப்பார்கள், வடிவும் சிரிப்பாள்.

இருட்டில் வந்து இருட்டில் போகிற பிழைப்பு என்பதால், பாடிய ஊர்கள் எதையும் அவள் பகலில் பார்த்ததில்லை. அந்த ஊர்களின் வாசனை தெரியும், மேடைப்பலகை அதிர்வது தெரியும், இன்னொன்றாக, கொம்பையாவின் நெஞ்சுச் சத்தம் தெரியும். வருசக்கணக்காக ஓடப் பாட்டின் சரணத்தை அவள் அந்த நெஞ்சில் சாய்ந்துகொண்டுதான் பாடியிருக்கிறாள். அவன் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, அக்கா என்றோ அம்மா என்றோ சொன்னதும் இல்லை. இருட்டானதும் பக்கத்தில் வந்து, "தூக்கட்டா?" என்பான். அவள், "ம்" என்பாள். இருவரும் பேசிக்கொண்டது மொத்தமும் அதுதான் என்றாலும் தப்பில்லை.

முள்ளிவிளையில் விழுந்த அன்று, மைக்செட்காரர்கள் அவளைத் தூக்கி வேனில் கிடத்தினார்கள். கொம்பையா வேனில் ஏறவில்லை. "எங்கே?" என்று கேட்டதற்கு, "ஓடிட்டான். கீழ போட்டவன் நிப்பானா?" என்றார் மாஸ்டர். அதற்கு மேல் அவள் கேட்கவில்லை.

அடுத்த ஊரில் புதிதாக வந்தவன் அவளை நெல்மூட்டை தூக்குவதுபோலத் தூக்கினான். இடையிசை முடிந்தது. அவள் வாயைத் திறந்தாள், மூச்சு வந்தது, சரணம் வரவில்லை. வார்த்தைகள் நினைவிருந்தன, வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல் சொல்ல முடிந்தது; மெட்டும் காதுக்குத் தெரிந்தது, லாசர் எங்கேயாவது ஒரு சுரம் தவறினால் பிசகு என்று சொல்ல முடிந்தது; ஆனால் அவளுக்குள் அந்தச் சரணம் இருந்த இடம் காலியாக இருந்தது, பல் விழுந்த இடத்தை நாக்கு தேடித்தேடித் தடவுவதுபோல் அவள் குரல் அந்த இடத்தைத் தடவிக்கொண்டே இருந்தது. டவுன் டாக்டர் தொண்டைக்குள் விளக்கடித்துப் பார்த்து ஒன்றுமில்லை என்றார். மற்றப் பாட்டெல்லாம் வந்தன. ஓடப் பாட்டின் பல்லவியும் வந்தது. அந்த ஒரு சரணத்தைத்தான் காணோம். ஒவ்வொரு ஊரிலும் லாசர் இடையிசையையே திரும்பத்திரும்ப வாசித்து நிரப்பினான், நாற்காலி காலியானபோது யாரும் விசிலடிக்கவில்லை. கமிட்டிக்காரர்கள் மாஸ்டரைத் தனியே கூப்பிட்டுப் பேசினார்கள்.

*

சரணம் முள்ளிவிளையில் இருந்தது.

கொடை முடிந்த காலையில் பந்தல் பிரித்துக்கொண்டிருந்த இடத்தில் குடித்துவிட்டுக் கவிழ்ந்து கிடந்த ஆழ்வார்தான் அதை முதலில் கேட்டான். கேட்டதைச் சொன்னான், குடிகாரன் சொல்லை யார் எடுப்பார்கள்? அவன் பெண்டாட்டி பூமயில், பொட்டலுக்கு எதிரே டீக்கடை வைத்திருந்தவள், அவனை இழுத்துக்கொண்டு போக வந்து குனிந்தாள், குனிந்தவள் அப்படியே அவன் பக்கத்தில் படுத்துவிட்டாள். புருசனும் பெண்டாட்டியும் வெட்டவெளியில் படுத்துக் கிடப்பதைப் பார்த்து ஏச வந்த கமிட்டித் தலைவர் பொன்னுச்சாமியும், கொஞ்ச நேரத்தில் வேட்டியை ஒதுக்கிக்கொண்டு படுத்தார்.

பாட்டு தரையிலிருந்து நாலு விரல் உயரத்தில்தான் கேட்டது. தலையை அதற்கு மேலே தூக்கினால் அறுந்துபோகும். மண்ணில் காதை அழுத்தினாலும் கேட்காது. உள்ளங்கையைக் கன்னத்துக்கு அடியில் கொடுத்துப் படுத்தால் சரியாக இருந்தது. அதனால் ஊரே அப்படிப் படுக்கப் பழகிக்கொண்டது. முதலில் தொப்பென்று ஒரு சத்தம், பிறகு "ஐயோ" என்று ஓர் ஆண்குரல், அந்த ஐயோவின் நடுவிலேயே பெண்குரல் ஏறிப் பாடத் தொடங்கும். பாடி முடிந்ததும் ஒரு பெருமூச்சு நேரம் சும்மா இருந்துவிட்டு, மறுபடியும் தொப்பென்ற சத்தம். இராப்பகல் அதே வரிசை. போனில் பிடித்துப் பார்த்தவர்களுக்குக் காற்றும் எறும்பு ஊர்வதும்தான் பதிவாகின.

ஏன் எப்படி என்று முள்ளிவிளையில் யாரும் ரொம்ப நாள் கேட்டுக்கொண்டிருக்கவில்லை, கேட்டுக்கொண்டிருக்க நேரமில்லை, எந்தத் தெரு எப்போது படுப்பது என்று தீர்மானிக்க வேண்டியிருந்தது. காலையில் வயலுக்கும் பனைக்கும் போகிற ஆண்கள், வெயில் ஏறுமுன் பீடிசுற்றும் பெண்கள், மத்தியானம் பள்ளிக்கூடப் பிள்ளைகள், சாயங்காலம் யாரும் என்று முறை வைத்தார்கள். பூமயில் கடையில் பாய் கிடைத்தது. பொட்டலைத் தாண்டிப் போகிற பஸ்ஸின் டிரைவர், வண்டியை நிறுத்திவிட்டு, "ஒரு தடவை, ஒரே தடவை" என்று சொல்லிப் படுப்பார், பயணிகளும் இறங்கிப் படுப்பார்கள், அந்தத் தடத்தில் பஸ் நேரத்துக்கு வருகிற வழக்கமே நின்றது. எல்லைத் தகராறில் பேச்சில்லாமல் இருந்த அண்ணன் தம்பி இரண்டு பேர் தெரியாமல் எதிரெதிராகப் படுத்துவிட்டு, மூக்கும் மூக்கும் ஒரு சாண் தூரத்தில் இருக்க, எழுந்தால் பாட்டு அறுந்துவிடும் என்பதால் எழ முடியாமல், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு கிடந்தார்கள். தகராறு தீரவில்லை. ஆனால் அதற்குப் பிறகும் அதே இடத்தில்தான் படுத்தார்கள்.

ஐப்பசி மழைக்கு முன்னால் ஊரை ஒரு கவலை பிடித்தது. பொட்டலில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். நாலு விரல் உயரத்தில் இருக்கிற பாட்டு என்ன ஆகும்? அம்மன் கோயில் ஆட்களும் சர்ச் தெருக்காரர்களும் மண்வெட்டியோடு வந்து, பாட்டைச் சுற்றி வாய்க்கால் வெட்டி, தண்ணீரை ஓடைக்குத் திருப்பினார்கள். மழை பெய்தது, பாட்டு நனையாமல் கிடந்தது.

வெயிலுக்கு ஒரு கீற்றுப் பந்தலும் பலகையில் ஒரு படமும் வைப்பதென்று முடிவானபோது, வரைகிறவன் கேட்டான்: "அந்த அம்மா எப்படி இருந்தாங்க?" பொட்டுப் பெரிசு என்றார்கள், நீலப்பட்டு என்றார்கள். "கால்ல கொலுசு உண்டா?" இதற்கு யாருக்கும் பதில் தெரியவில்லை, தெரியாது என்று சொல்லவும் மனமில்லை. "உண்டு உண்டு" என்றார்கள். படத்தில் அவள் ஓடத்தின் மேல் இரண்டு காலையும் ஊன்றி, கொலுசோடு நின்றாள்.

அந்த ஐயோவைப் பற்றி மட்டும் ஊரில் ஒத்த கருத்து இல்லை. ஓடக்காரனுடைய குரல் என்றார் பொன்னுச்சாமி. கூப்பிட்டும் வர முடியாத ஓடக்காரன், ஆற்றின் நடுவில் முழுகும்போது சொன்னது என்று பீடிசுற்றும் பெண்கள் வைத்துக்கொண்டார்கள், அந்த இடம் வரும்போது சேலைத்தலைப்பை வாயில் கவ்விக்கொண்டார்கள். பாட்டைச் சுற்றிக் கூட்டிப் பெருக்கி, ஆடுகளை விரட்டிக்கொண்டு, பூமயில் கடைக்குத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றி அங்கேயே தங்கிவிட்ட வெளியூர்க்காரன் ஒருவன் இருந்தான். அவனிடமும் கேட்டார்கள். "யாரோ" என்றான்.

*

"உன்னோடதுதானே, போய் எடுத்துட்டு வா" என்றார் சந்தோசம் மாஸ்டர்.

செய்தி அவருக்கு ஒரு பஸ் கண்டக்டர் மூலமாக வந்திருந்தது. அடுத்த கொடைக்காலம் தொடங்க இருந்தது, கூப்பிடுகிற ஊரெல்லாம் ஓடப் பாட்டு உண்டா என்று கேட்டுவிட்டுத்தான் வெற்றிலை பாக்கு வைத்தது. "நான் கல்நெஞ்சக்காரன் இல்லை வடிவு. பாட்டோட வந்தா மேடை உன்னோடது, நான் சாகிறமட்டும் உன்னோடது. இல்லேன்னா நான் வேற புள்ள பாத்தாகணும். இவனுகளுக்கெல்லாம் வீட்டுல அடுப்பு எரியணும்லா?"

அவளுக்கும் எரிய வேண்டும். மேடை இல்லாவிட்டால் அண்ணன் வீட்டுப் பின்கட்டு, அண்ணியின் பேச்சு, ரேடியோ. அவள் சரி என்றாள்.

லாசர் வழி சொல்லிக் கொடுத்தான். "சரணத்தைப் போய்ப் பிடிக்காத. ஓடும். பக்கத்துல உக்காந்து பல்லவியை எடு. தாய்ப்பசு கத்தினா கன்னுக்குட்டி தன்னால வந்து மடியில முட்டும்."

மத்தியான வெயிலில் வேன் முள்ளிவிளைப் பொட்டலில் நின்றது. பகலில் ஒரு ஊர் இப்படி இருக்கும் என்று வடிவுக்கு அன்றுதான் தெரிந்தது: ஓர் ஓரத்தில் வேம்பு, சாயம் போன கோயில் சுவர், காய்கிற பீடி இலை, நடுவில் கீற்றுப் பந்தல், அதன் கீழ் கன்னத்துக்குக் கை கொடுத்து வரிசையாகக் கிடக்கிற மனிதர்கள். டிரைவர் தூக்க வந்தான், வேண்டாம் என்றாள். உள்ளங்கைகளில் டயர் துண்டுகளை மாட்டிக்கொண்டு, வேன் படியிலிருந்து தானே இறங்கி, கையை ஊன்றி ஊன்றி மண்ணில் நகர்ந்து போனாள்.

பூமயில் பாயோடு எதிரே வந்தாள். "வாங்கம்மா. எந்த ஊரு? உங்களுக்கு லேசுதான், நாங்கதான் இடுப்பொடியக் குனியணும்."

"அந்தப் பாட்டை நான்தான் பாடினேன்" என்றாள் வடிவு.

பூமயில் அவளைப் பார்த்தாள், பலகையைப் பார்த்தாள். "இப்படித்தான் நேத்தும் ஒருத்தி திருச்செந்தூர்ல இருந்து வந்தா. கொடையில பாடினவ நின்னுல்லா பாடினா? நான் முன்வரிசையில இருந்தவ, எங்கிட்டயேவா?" குரலில் கோபமில்லை, பாயை விரித்துக்கொண்டேதான் சொன்னாள். "படுங்க. முதல்ல தொப்புனு ஒரு சத்தம் வரும், பயந்திராதீங்க."

வடிவு படுத்தாள். மற்றவர்களைப் பார்த்து அவளும் ஒரு கையின் டயர் துண்டைக் கழற்றி, உள்ளங்கையைக் கன்னத்துக்கு அடியில் கொடுத்தாள்.

தொப்பென்றது. ஐயோ என்றது. அவளுடைய குரல், அவளிடமிருந்து போன குரல், அவள் காதுக்குள் பாடியது. மேடையில் அவள் இந்தச் சரணத்தை இப்படிப் பாடியதே இல்லை. விழுந்த வலியை யாருக்கும் தெரியாமல் விழுங்கிய இடத்தில் ஒரு சுரம் நசுங்கியிருந்தது, மணல் பட்ட பல்லில் ஒரு மெய்யெழுத்து உரசியது. இவர்கள் உயிரை விட்டுக் கேட்கிற பாட்டு இதுதானா? ஒரு பொம்பளை கீழே விழுவதையா இவர்கள் இத்தனை நாளும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்? இரண்டாவது தடவையும் கேட்டாள். மூன்றாவது தடவை, உள்ளங்கை மரத்துப்போய்க் கையை உருவினாள், பாட்டு அறுந்தது. மறுபடியும் கொடுத்தாள், வந்தது.

கையை எடுத்தால் இல்லை. கொடுத்தால் இருக்கிறது.

விழுந்த அன்றைக்கு அவள் கன்னத்துக்குக் கீழே மண் சூடாக இருந்தது. பகலெல்லாம் வெயிலில் கிடந்த மண், ராத்திரியிலும் சூடு ஆறவில்லை என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். மண்ணுக்கும் அவளுக்கும் நடுவே ஒரு கை இருந்திருக்கிறது.

எழுந்து உட்கார்ந்தபோது, பந்தல் காலுக்குப் பக்கத்தில் விளக்குமாற்றோடு கொம்பையா நின்றான். வலதுகை மணிக்கட்டு, ஒட்டவைத்த மண்குடத்தின் கழுத்துபோல ஒருபக்கமாகத் திரும்பியிருந்தது.

"கை?" என்றாள்.

"கோணிப்போச்சு."

"எப்போ?"

அவன் அவள் கன்னம் வைத்திருந்த இடத்தைப் பார்த்தான்.

"ஓடிட்டன்னு சொன்னாரு."

"இந்தக் கையை வச்சிட்டு எதுக்குடா எனக்குன்னாரு. உங்கிட்ட சொல்லிருப்பாருன்னு நெனச்சேன்." கொஞ்சம் பொறுத்து, "வலிக்கல" என்றான். யார் கேட்டார்கள் என்று தெரியவில்லை.

வேனிலிருந்து மாஸ்டர், "என்னம்மா, எடுத்தாச்சா?" என்று குரல் கொடுத்தார்.

வடிவு படுத்து, நாலு விரல் உயரத்தில் வாயை வைத்து, லாசர் சொன்னபடி பல்லவியின் முதல் வார்த்தையை எடுத்தாள். "ஓடக்காரா" என்று கூவினாள், கூவிவிட்டுக் காத்திருந்தாள். கன்றுக்குட்டி வரவில்லை. ஒரு பெருமூச்சு நேரத்துக்குப் பிறகு காற்றில், "ஓடக்காரா" என்று அவள் குரல் கேட்டது, அதை அடுத்துத் தொப்பென்ற சத்தம், ஐயோ, சரணம். அவள் மறுபடியும் அந்த வார்த்தையை எடுக்கப் பார்த்தாள். வாய் திறந்தது, மூச்சு மட்டும் வந்தது. அந்த வார்த்தையும் போய்விட்டது.

படுத்திருந்தவர்கள் தலையைத் தூக்கினார்கள். பூமயில் வடிவின் வாயைப் பார்த்தாள், சேலைக்கு வெளியே தெரிந்த காலைப் பார்த்தாள், பலகையில் கொலுசோடு நிற்பவளைப் பார்த்தாள். பிறகு மெதுவாக, "கொண்டையைத் தப்பா வரைஞ்சிட்டான் பாவி" என்றாள்.

மாஸ்டர் வேனைவிட்டு இறங்கி ஓடிவந்தார். "நிறுத்தும்மா! வாயை மூடு! இருக்கதையும் விட்டுட்டு வரப்போறியா? பல்லவி இருக்கு, அது போதும், சரணத்தை வேற ஆளை வச்சுப் பாத்துக்கிடலாம், ஏய் வடிவு, நான் சொல்லுதது கேக்குதா?"

கேட்டது. அவர் சொன்னது சரி என்றும் தெரிந்தது. பல்லவியின் மிச்சத்தை வைத்துக்கொண்டு இன்னும் சில கொடைகள் பாடலாம், ஒரு வார்த்தை குறைந்தால் லாசர் சமாளிப்பான். அவளுக்குப் பக்கத்தில் தொப்பென்ற சத்தம் மறுபடியும் கேட்டது. யாரும் கூப்பிடாமல், யாரும் தூக்காமல், எங்கிருந்து என்று தெரியாமல் ஒருத்தி வந்து விழுந்துகொண்டே இருந்தாள். அவளுக்கு முன்னால் ஓர் ஆறும் இல்லை, கரையும் இல்லை. இராப்பகலாக, மழையிலும் வெயிலிலும், விழுவதில் இருந்தே தொடங்குகிறது அவளுடைய பாட்டு. தன்னிடம் இருக்கிற பாதியையும் அவளிடம் இருக்கிற பாதியையும் வடிவு கொஞ்ச நேரம் நினைத்துப் பார்த்தாள்.

"ஒரு நிமிசம் மாஸ்டர்" என்றாள். கொம்பையாவைப் பார்த்து, "கையைக் கொடு" என்றாள்.

அவன் மண்டியிட்டு, கோணிய கையை மண்ணில் வைத்தான். அவள் அதன்மேல் கன்னத்தை வைத்துப் பல்லவியைப் பாடினாள்.

ஆற்றைப் பாடினாள், அக்கரை விளக்கைப் பாடினாள், துடுப்புச் சத்தத்துக்குக் காத்திருப்பதைப் பாடினாள்; மேடையில் மைக்குக்குப் பாடியதுபோல இல்லாமல், பக்கத்தில் படுத்திருக்கிற ஒருத்திக்குச் சொல்வதுபோலப் பாடினாள். ஒவ்வொரு வரியும் வாயைவிட்டு வெளியேறும்போது உள்ளே அது இருந்த இடம் காலியாவது தெரிந்தது, வீட்டைக் காலி செய்கிறவர்கள் ஒவ்வொரு அறையாக விளக்கை அணைத்துக்கொண்டு போவதுபோல. கடைசி வரியை விடுவதற்கு முன் ஒரு மூச்சு நிறுத்தினாள். பிறகு அதையும் விட்டாள்.

மாஸ்டர் தலையில் கையை வைத்துக்கொண்டு வாய்க்கால் கரையில் உட்கார்ந்துவிட்டார். "போச்சு" என்றார். "போச்சு, எல்லாம் போச்சு." அவர் கண் நிஜமாகவே கலங்கியிருந்தது. அவருக்கு அவள்மேல் கோபம் இருந்ததுபோலவே பாசமும் இருந்தது, இரண்டும் எந்தக் கொடைக்கும் உதவாது.

ஒரு பெருமூச்சு நேரம் பொட்டலில் சத்தமே இல்லை. பிறகு பல்லவி காற்றில் எழுந்தது, முதல் வார்த்தையிலிருந்து, முழுசாக. முடிந்த இடத்தில் தொப்பென்ற சத்தம் வந்தது, ஆனால் இப்போது அது ஓடத்தில் யாரோ குதித்து ஏறிய சத்தம்போல இருந்தது. ஐயோ என்றவன் அவள் கையைப் பிடிக்கத் தடுமாறியவனாக இருந்தான். சரணம் அதன்மேல் ஏறிக்கொண்டது.

"பூரா பாட்டும் வந்திட்டுடே!" என்று ஆழ்வார் கத்தினான். டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் கிளாசை வைத்துவிட்டு வந்தார்கள். பஸ் நின்றது. பீடிசுற்றும் பெண்கள் முறத்தோடு வந்தார்கள், பொன்னுச்சாமி வேட்டியை ஒதுக்கிக்கொண்டு வந்தார், அந்த அண்ணனும் தம்பியும் அவரவர் இடத்துக்கு வந்தார்கள். இன்று முறை யாருடையது என்று ஒருவரும் கேட்கவில்லை. பந்தலுக்குள் இடம் போதாமல் வெயிலிலும் படுத்தார்கள், கன்னத்துக்குக் கை கொடுத்துக் கண்ணை மூடினார்கள்.

பாட்டு இருந்த இடத்தில் வடிவு மட்டும் உட்கார்ந்திருந்தாள். தனக்குள் "ஓடக்காரா" என்று சொல்லிப் பார்த்தாள். பக்கத்து வீட்டு ஆளைக் கூப்பிடுவதுபோல, வெறும் வார்த்தையாக வந்தது.

டிரைவர் ஹாரன் அடித்தான். சுற்றிலும் ஆட்கள் கிடந்தார்கள், கையை ஊன்றி நகர வழியில்லை.

கொம்பையா எழுந்து பக்கத்தில் வந்தான். வெயில் நேர்மேலே இருந்தது. அணைப்பதற்கு விளக்கு எதுவும் இல்லை. அவன் ஒருதரம் சுற்றுமுற்றும் பார்த்தான்.

"தூக்கட்டா?" என்றான்.

"ம்."

நல்ல கையை அவள் முழங்காலுக்கு அடியிலும் கோணிய கையை முதுகுக்கும் கொடுத்துத் தூக்கினான். ஒரு தலைக்கும் இன்னொரு தலைக்கும் இடையில், பாயை மிதிக்காமல், நீட்டியிருந்த கால்களைத் தாண்டித் தாண்டி நடந்தான். சேலைக்கரை நழுவி அவள் பாதங்கள் இரண்டும் வெளியே தொங்கின. பழக்கத்தில் அவன் விரல்கள் அதை இழுத்துவிடப் பார்த்தன, விடுவதற்குக் கை இல்லை. அவள் இழுக்கவில்லை. படுத்திருந்தவர்களின் கண்கள் மூடியிருந்தன.

வழியில் பல்லவி முடிந்தது. பழக்கத்தில் அவளும் அவன் நெஞ்சில் சாய்ந்து வாயைத் திறந்தாள். கீழேயிருந்து, ஊரார் எல்லோருடைய காதுகளுக்கும் நடுவிலிருந்து, சரணம் தன்பாட்டில் கிளம்பியது. நாலு விரலுக்கு மேலே அது அவளுக்குக் கேட்கவில்லை, கிடந்தவர்களின் முகங்களைப் பார்த்துத் தெரிந்துகொண்டாள். வாயை மூடிக்கொண்டாள்.

வேனுக்கு இன்னும் தூரம் இருந்தது. முதுகுக்கு அடியில் அவனுடைய மணிக்கட்டு நடுங்கியது. வடிவு மற்றக் கையிலிருந்த டயர் துண்டையும் கழற்றிவிட்டு, தன் உள்ளங்கையை அதற்கு அடியில் கொடுத்தாள்.